புதுப்பிப்பு: விஸ்கஸ் ஃபேனுக்குப் பதில் எலக்ட்ரிக் ஃபேன்

பழைய ஃபோர் வீல் டிரைவில் விஸ்கஸ் கிளட்ச் (எஞ்சினோடு சுழலும் ரேடியேட்டர் ஃபேனின் வேகத்தைச் சூட்டுக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் பாகம்) போய்விட்டது, எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போட்டாச்சு. 16 அங்குலம், ரேடியேட்டருக்குப் பின்னால் எஞ்சின் பக்கம் இருந்து, ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும் வகை. பழைய ஷ்ரவுடு (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை மூடும் உறை) பொருந்தவில்லை, அலுமினியத் தகட்டில் புதிதாக வெட்டினேன். அது இல்லாவிட்டால் பிளேடுக்கு நேரே உள்ள பகுதி வழியாக மட்டும்தான் காற்று போகும். ஃபேனை மாட்ட ரேடியேட்டருக்குள் குத்திச் செருகும் பிளாஸ்டிக் டை வேண்டவே வேண்டாம், அதிர்வில் ஃபின்களை (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை) அரித்துவிடும். ஃபேனுக்கு மின்சாரம் கொடுக்க 40 ஆம்பியர் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்), பேட்டரி அருகிலேயே ஃபியூஸ். மெதுவாக மேடு ஏறும்போது ஏசி போட்டும் வெப்பமானி முள் நடுவைத் தாண்டவில்லை. ஃபேனை நிறுத்த டேஷ்போர்டில் தனி சுவிட்சும் உண்டு: ஆற்றைக் கடக்கும்போது ஃபேன் ஓடினால் பிளேடு வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடலாம். பாரம் இழுத்துப் பார்ப்பது இன்னும் பாக்கி.