ஓ.டி. முடிந்து வரும்போது செயின் பறிப்பு, கை முறிவு: கம்பெனிக்குப் பொறுப்பே இல்லையா?

ஸ்ரீராமபுரம் அக்கா:
பெங்களூரு பீனியாவில் ஒரு கார்மென்ட்ஸில் ஒன்பது வருடமாகச் செக்கிங் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்பு, ஷிப்மென்ட் அவசரம் என்று ஓ.டி. போட்டார்கள். இரவு எட்டரைக்கு வெளியே வந்து மெட்ரோவுக்கு நடந்தேன். அந்தத் தெருவில் லாரிகள் வரிசையாக நிற்கும், இடுக்கில்தான் நடக்க வேண்டும். பின்னால் பைக்கில் வந்த இரண்டு பேர் தாலிச் செயினை இழுத்தார்கள். நான் விடவில்லை, அதுதான் தப்பாகிவிட்டது. பாதி செயின் என் கையில், பாதி அவன் கையில். விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு.

"கேட்டுக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று ஹெச்.ஆர். மேடம் மொத்தச் சம்பளத்தையும் பிடித்துவிட்டார். வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போன அரை நாளுக்கு மெமோ வேறு. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பற்றிக் கேட்டால், "இது திருட்டு கேஸ், விபத்து இல்லை" என்கிறார். மாதாமாதம் பிடிக்கிறார்களே, அது எதற்கு?

டைம் ஆபீஸ் பழைய ஆள்:
அக்கா, பதினோரு வருடம் டைம் ஆபீஸில் இருந்தவன் சொல்கிறேன். இந்த மாதிரிக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கென்று தனி விடுப்பு நம் சட்டத்தில் கிடையாது. அதனால் சம்பளத்துக்காகச் சண்டை போடாதீர்கள், அந்தப் பணம் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வர வேண்டியது. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நடக்கும் விபத்தும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், வேலைக்காயம்தான். ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் வந்த திருத்தம் இது. அன்று நீங்கள் பன்ச் அடித்த நேரமே சாட்சி.

விபத்தா திருட்டா என்று முடிவு செய்ய வேண்டியது ஈ.எஸ்.ஐ. ஆபீஸ், உங்கள் மேடம் இல்லை. விபத்து அறிக்கையை அனுப்புவதுதான் கம்பெனியின் கடமை. ஒத்துக்கொண்டால் சம்பளத்தில் 90 சதவீதம். இல்லாவிட்டாலும் நோய்க்கால உதவியாக 70 சதவீதம் கேட்கலாம். ஆனால் ஈ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் எதுவும் நகராது. இருக்கிறதா?

ஒயிட்ஃபீல்ட் ஹெச்.ஆர்.:
எல்லா ஹெச்.ஆரையும் திட்டாதீர்கள் சார்! அக்கா, எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கினீர்களா? இலவசமாகத் தர வேண்டும். செயின் பறிப்பு இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 304ஆம் பிரிவு, தனிக் குற்றம். வெறும் ரசீது கொடுத்து அனுப்பியிருந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள். மெமோவுக்கு வாயால் பதில் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். ஈ.எஸ்.ஐ. பணம் வாங்கும் காலத்தில் உங்களை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்பதையும் அதில் ஒரு வரி சேருங்கள். நானாக இருந்தால் அந்த வரியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவேன்.

ஸ்ரீராமபுரம் அக்கா:
சர்டிபிகேட் இருக்கிறது அண்ணா, ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில்தான் கட்டுப் போட்டார்கள். எஃப்.ஐ.ஆர். நகலும் கிடைத்துவிட்டது. மகனை விட்டுக் கன்னடத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மேடம் இரண்டு தடவை படித்துவிட்டு, "அறிக்கை அனுப்புகிறோம், திங்கட்கிழமை வந்து நகல் வாங்கிக்கொள்" என்றார். திங்கட்கிழமையும் ஓ.டி.யாம். மெட்ரோ வரை வண்டி விட்டால்தான் இருப்போம் என்று எங்கள் லைனில் ஆறு பேர் சொல்லியிருக்கிறோம்.