ஓரிகன் சைலோசிபின் அமர்வு: கூட இருப்பவர் என்ன செய்வார்?

தேன்சிட்டு:
அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டில் இருக்கும் என் தோழி, அவள் அப்பா இறந்த துக்கத்திலிருந்து மீளவே முடியாமல் இருக்கிறாள். இப்போது உரிமம் பெற்ற சைலோசிபின் (சில வகைக் காளான்களில் இருக்கும், மனநிலையையும் புலனுணர்வையும் மாற்றும் பொருள்) மையம் ஒன்றில் பதிவு செய்யப் போகிறாளாம். கூட உட்காரும் ஃபெசிலிட்டேட்டர் டாக்டராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறாள், அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படியென்றால் அவர் எதற்கு?

மழைக்காலம்:
கட்டாயம் இல்லைதான். 2020-ல் மக்கள் வாக்களித்து வந்த சட்டம், 2023-ல் மையங்கள் திறந்தன. ஃபெசிலிட்டேட்டருக்குப் பள்ளிப் படிப்பு, 120 மணி நேர வகுப்பு, 40 மணி நேரச் செய்முறைப் பயிற்சி, மாநிலத் தேர்வு எல்லாம் உண்டு. அவர் வேலை வழிநடத்துவது இல்லை. உங்கள் தோழி அழுதால் அழவிட வேண்டும், பயந்தால் பக்கத்திலேயே இருந்து தைரியம் சொல்ல வேண்டும், 'உங்கள் அப்பா என்ன சொல்கிறார்' என்றெல்லாம் தோண்டக் கூடாது. சைலோசிபினின் தாக்கத்தில் இருக்கும் அந்தச் சில மணி நேரம் யார் எது சொன்னாலும் ஆழமாகப் பதிந்துவிடும், அதனால் அதிகம் பேசுகிற, தனக்கு எல்லாம் தெரியும் என்கிற ஆளைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

வேப்பமரம்:
முன்தயாரிப்புச் சந்திப்பை அவசரமாக முடிக்க விடாதீர்கள், ஆளை எடைபோட அதுதான் சமயம். தொடுவது பற்றி அப்போதே பேசி எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும்: அணைப்பு, அல்லது கை, பாதம், தோள் மேல் கை வைப்பது, அவ்வளவுதான் அனுமதி. வேண்டாம் என்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடலாம். லித்தியம் என்ற மனநல மருந்து எடுத்து 30 நாள் ஆகாதவர்களையும் சைக்கோசிஸ் (நிஜம் எது, கற்பனை எது என்று பிரித்தறிய முடியாத மனநிலை) உள்ளவர்களையும் சேர்க்க மாட்டார்கள், அதனால் எதையும் மறைக்கக் கூடாது. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் இதற்காகத் தானாக நிறுத்திவிட வேண்டாம், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வண்டி ஓட்டி வரவும் கூடாது, நீங்கள் போய் அழைத்து வர முடியுமா?

தேன்சிட்டு:
கண்டிப்பாகப் போவேன். அவள் ஹெச்1பி விசாவில் இருக்கிறாள், அதனால் ஏதாவது சிக்கல் உண்டா?

மழைக்காலம்:
உண்டு. ஓரிகனில் சட்டப்படி சரி என்றாலும் ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசின்) சட்டத்தில் சைலோசிபின் இன்னும் தடை செய்யப்பட்ட பொருள்தான். விசா, கிரீன் கார்டு நேர்காணலிலோ விமான நிலையத்திலோ எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால் அதுவே பிரச்சினையாகலாம், கேட்டால் பொய் சொல்வதோ அதைவிட மோசம். பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பேசச் சொல்லுங்கள், மையத்தில் இருப்பவர்கள் இதைச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.