பாட்காஸ்ட் குழுக்களில் கேட்பவர்கள் யாராவது இருக்கிறார்களா?

விட்டில்காது:
அந்துப்பூச்சிகளைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் செய்கிறேன். வருமானத்துக்காக இல்லை, பேசாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். துணைக்கு நாலு பேர் இருக்கட்டுமே என்று பாட்காஸ்டர்களின் குழு ஒன்றில் சேர்ந்தேன்.

புலி அந்துகளில் சில, வௌவால் நெருங்கும்போது நம் காதுக்கு எட்டாத மீயொலியில் சடசடவென்று சொடுக்கும். எதிரொலியை வைத்து இரை தேடும் வௌவால் அதில் குழம்பிப்போகும். அதைப் பற்றிய எபிசோடைப் போட்டுக் கருத்துக் கேட்டேன். "என்ன மைக்?" "ஆரம்ப இசை நீளம்." "நடுவில் விளம்பரத்துக்கு இடம் விடுங்கள்." வௌவாலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை!

அங்கே நடப்பதெல்லாம் "நீ எனக்கு ஐந்து நட்சத்திரம் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" வியாபாரம்தான். பழைய ஆட்கள் மாறி மாறி ஒருவரையொருவர் பேட்டி எடுத்துக்கொள்கிறார்கள். பேட்டியின் பொருள்? பாட்காஸ்டில் சம்பாதிப்பது எப்படி. எல்லாக் குழுவும் இப்படித்தானா?

பழையஃபீட்:
ரொம்ப இடங்களில் இப்படித்தான். விளம்பரத்துக்கு ஆயிரம் டவுன்லோடுக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசுவார்கள். ஐம்பது பேர் கேட்கும் நிகழ்ச்சிக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் தேறாது. உடனே எண்ணிக்கையை ஏற்ற ஒருவருக்கொருவர் சப்ஸ்கிரைப் செய்துகொள்வார்கள்.

டவுன்லோட் ஆவதும் கேட்பதும் ஒன்றா என்ன? ஐஏபி என்ற விளம்பரத் துறை அமைப்பின் வரையறையில், ஒரு நிமிட ஒலிக்கான அளவு கோப்பு இறங்கிவிட்டாலே ஒரு டவுன்லோட். 2023 செப்டம்பரில் ஐபோனுக்கு ஐஓஎஸ் 17 வந்தபோது, நடுவில் விட்டுப்போன எபிசோடுகளைத் தானாக இறக்கிக் குவிப்பதை ஆப்பிள் குறைத்துக்கொண்டது. பெரிய நிகழ்ச்சிகளுக்கே எண்ணிக்கை சரிந்தது. கேட்பவர்கள் ஓடிப்போய்விடவில்லை. அந்தக் கோப்புகளை முதலிலிருந்தே யாரும் திறக்கவில்லை!

இரைச்சல்நீக்கி:
பணம் கேட்பதையே பாவம் மாதிரி பேச வேண்டாம். ஹோஸ்டிங் கட்டணம் இருக்கிறது, ராத்திரி எடிட்டிங் இருக்கிறது. விளம்பரம் இல்லாவிட்டால், கேட்பவர்களே நேரடியாகப் பணம் தரும் பேட்ரியான் தளம் இருக்கிறது, 2013 முதல் இயங்குகிறது. அதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டாம், உங்கள் பேச்சுக்காகக் காத்திருக்கும் சிலர் போதும். ஆனால் அந்தச் சிலர் பாட்காஸ்டர்களாக இருந்தால் ஒரே நோட்டு குழுவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைத்துணி:
நான் பாட்காஸ்ட் செய்பவன் இல்லை, ராத்திரியில் வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டு அந்துப்பூச்சி பார்ப்பவன். உங்கள் நிகழ்ச்சி இருப்பது இன்றுதான் தெரிந்தது. எங்கள் ஆட்கள் இருக்கும் பக்கம் நீங்கள் வந்ததே இல்லையே? 2012 முதல் ஜூலைக் கடைசியில் அந்துப்பூச்சி வாரம் நடக்கிறது, பல நாடுகளில் கலந்துகொள்கிறார்கள். அப்போது துணிக்கு முன்னால் மணிக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருப்போம். காதில் ஏதாவது ஓடினால் நன்றாகத்தான் இருக்கும். இணைப்பை மட்டும் வீசிவிட்டுப் போகாதீர்கள். படம் போட்டு இது என்ன பூச்சி என்று கேட்பவர்களுக்கு நாலு பதில் சொல்லுங்கள், பேர் தானாகப் பரவும்.

விட்டில்காது:
வருகிறேன். பூச்சி அடையாளம் சொல்வதென்றால் எனக்கு யாரும் சம்பளம் தர வேண்டாம். குழுவைவிட்டும் விலகப்போவதில்லை. மின்விசிறி இரைச்சலை எப்படிக் குறைப்பது என்று கேட்டால் அங்கே அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடுகிறது. நட்சத்திரம் போடச் சொன்னால் மட்டும் மாட்டேன். அப்புறம், வெள்ளைத்துணி, ஜூலைக்கு எவ்வளவு நேர எபிசோட் வேண்டும்? ஒரு மணி நேரம் தாங்குவீர்களா?

வெள்ளைத்துணி:
இரண்டாகப் போடுங்கள். விளக்கு வைத்த முதல் ஒரு மணி நேரம் கொசுதான் வரும்.