சும்மா படுத்திருந்தாலே மனசு குத்துது, உங்களுக்கும் இப்படித்தானா?

ஓஎம்ஆர்_காரன்:
சிறுசேரில வேலை, வீடு மேடவாக்கம். காலைல எட்டுக்கு கெளம்பினா வீட்டுக்குள்ள வர நைட் ஒன்பதரை ஆயிடுது. ஞாயித்துக்கெழம மதியம் சாப்ட்டுட்டு ஃபேனப் போட்டு படுத்தா பத்து நிமிஷம் தாங்கல, அந்த சர்ட்டிஃபிகேஷன் முடிக்கல, பைக் சர்வீஸ் விடல, ஊருக்கு போன் போடலன்னு படபடன்னு வருது, எழுந்து லேப்டாப்ப தொறந்துடறேன், அதுலயும் உருப்படியா எதுவும் பண்றதில்ல. தூக்கமும் போச்சு, வேலையும் ஆகல. இதுலேர்ந்து வெளிய வந்தவங்க யாராவது இருக்கீங்களா?

வியாசை_பாலு:
தம்பி தப்பா எடுத்துக்காத. அந்தக் குத்தல்தான் நம்மள மாதிரி வீட்டுப் பசங்கள மேல கொண்டாந்துச்சு. எங்கப்பா கொத்தவால் சாவடில மூட்ட தூக்கினவரு, 1996ல மார்க்கெட் கோயம்பேட்டுக்கு போனதும் அங்க, நைட் ஒரு மணிக்கு கெளம்பிடுவாரு. காய்ச்சல்னு ஒருநாள் லீவு போட்டு நான் பாத்ததில்ல. நாங்க மூணு பேரு படிச்சது அதுலதான். இப்போ எனக்கு வீட்டு லோன் இருக்கு, படுத்துட்டிருந்தா இஎம்ஐ யாரு கட்டுவா? ரிலாக்ஸ் பண்றதுக்கு கத்துக்கணும்னு சொல்றதெல்லாம் வயிறு நெறஞ்சவன் பேச்சு.

ஓஎம்ஆர்_காரன்:
அண்ணே ஒன்னே ஒன்னு கேக்கறேன். அப்பா வேலை முடிச்சு வந்து தூங்க மாட்டாரா? கோயம்பேட்டுல பதினோரு மணிக்கு வண்டி மேலயே துண்ட விரிச்சு, அவ்ளோ சத்தத்துலயும் அசந்து தூங்குறவங்கள நானே பாத்திருக்கேன். அந்தத் தூக்கம்தான் எனக்கு வரமாட்டேங்குது.

வியாசை_பாலு:
தூங்குவாரு. கஞ்சி குடிச்சிட்டு படுத்தா நாலு மணி வரைக்கும் வீட்ல டிவி போடக்கூடாது. ஆனா அது அடுத்த நாள் மூட்டைக்கான தூக்கம், அவரு உழைச்சு சம்பாரிச்சது. நீ கேக்கறது வேற.

மாம்பலம்_அக்கா:
ரெண்டு பேருக்கும் சொல்றேன், கொஞ்சம் பெருசா போகும். தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில பதினொரு வருஷம் நின்னேன். காலைல பத்துலேர்ந்து ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிக்கணும், சாப்பாட்டு நேரம் மட்டும்தான் உக்காருவோம். கெண்டைக்கால்ல நரம்பு சுருண்டு நீலமா தெரியும், இப்பவும் இருக்கு. 2021ல தமிழ்நாட்டுல சட்டமே வந்துச்சு, கடையில வேலை செய்றவங்களுக்கு உக்கார வசதி செஞ்சு குடுக்கணும்னு. எங்க செக்‌ஷனுக்கும் ஒரு ஸ்டூல் வந்துச்சு. மொத நாள் உக்காந்தேன். சூப்பர்வைசர் தாண்டிப் போனாரு, ஒன்னும் சொல்லல, திரும்பிக்கூட பாக்கல. ஆனாலும் நானா எழுந்துட்டேன். படியில செருப்பு சத்தம் கேட்டா போதும், கால் தானா நிமிந்துடும். ஒரு வாரத்துல அந்த ஸ்டூல்ல மடிச்ச பொடவைய அடுக்க ஆரம்பிச்சிட்டோம். பாலு தம்பி, நாளு பூரா நின்னு உழைச்சவதான் நானும், எனக்கே உக்கார முடியல. அப்போ அந்தக் குத்தல் உழைக்காதவனுக்கு மட்டும் வர்றது இல்ல, யாரோ நமக்குள்ள வெச்சது.

வேளச்சேரி_வாசி:
அக்கா சொன்னது கரெக்ட். 2021லயே உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொன்னாங்க, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை செய்றவங்களுக்கு, 35-40 மணி நேரம் செய்றவங்கள விட பக்கவாதம் வர்ற அபாயம் 35 சதவீதம் அதிகம்னு. பாலு அண்ணே, இஎம்ஐ கட்டவாச்சும் உடம்பு வேணும்ல? 1923ல சிங்காரவேலர் இதே மெட்ராஸ் பீச்சுல மே தினம் கொண்டாடினாரே, அந்த மே தினமே எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்துல பொறந்ததுதான்.

வியாசை_பாலு:
சிங்காரவேலர எனக்கு சொல்லித் தர வேணாம், எங்க ஏரியால அந்தப் பேரு கேட்டு வளந்தவன். எட்டு மணி நேரத்துக்கு மேல சுரண்டக்கூடாது, சரி. ஆனா லீவு நாள்ல எதையும் யோசிக்காம கெடக்கறதுக்கு ஒருத்தர் பயிற்சி எடுக்கணும்னா, அது எனக்கு இன்னும் ஒத்துக்க முடியல. குத்தல் சுத்தமா போயிட்டா அப்புறம் நாம எழுந்திருப்போமா?

ஓஎம்ஆர்_காரன்:
குத்தல் இருந்தும் நான் எழுந்து என்னண்ணே கிழிச்சேன்? மூணு மாசமா அந்த கோர்ஸ்ல ரெண்டாவது வீடியோவ தாண்டல. தூங்கி எழுந்திருந்தா முடிச்சிருப்பேன்.

மாம்பலம்_அக்கா:
அப்பா இப்போ எப்படி இருக்காரு பாலு? வேலைக்கு போறாரா?

வியாசை_பாலு:
இல்லக்கா, 71 ஆச்சு, முட்டி போயிடுச்சு. வீட்லதான்.

கொஞ்ச நேரமா இத டைப் பண்ணிட்டு அழிச்சிட்டு இருக்கேன். அன்னைக்கு நாங்க சத்தம் போட்டாலும் எழாத மனுஷன், இப்போ நான் ஆபீஸ்லேர்ந்து வந்து கேட்ட தொறந்தா கட்டில்லேர்ந்து எழுந்து உக்காந்துக்கறாரு. கையில பேப்பர எடுத்து வெச்சுக்குவாரு. அவருக்கு படிக்க வராதுக்கா.

மாம்பலம்_அக்கா:
அவர்ட்ட எதுவும் கேக்காதப்பா. நாளைக்கு கேட்டுக்கு வெளியவே செருப்ப கழட்டிட்டு, சத்தமில்லாம உள்ள போ.