தாத்தாவின் சவரக்கத்தி: ஏழு வார அனுபவம்

ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் மடக்குச் சவரக்கத்தி ஒன்று கிடைத்தது. ஜெர்மனியின் சோலிங்கன் ஊர் முத்திரை. வெட்டும் வாயெல்லாம் துரு. தெருமுனை முடிதிருத்தகத்துப் பெரியவரிடம் காட்டினேன். அவர் கடையில் இன்று அரை பிளேடு மாட்டும் கத்திதான். ஆனாலும் இதைக் கண்டதும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை வாருங்கள் தம்பி, கடை விடுமுறை" என்றார்.

அந்தச் செவ்வாய் முழுக்கக் கல்லில் தீட்டினார். பிறகு தோல் வாரில் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார்: முதுகு முன்னே போகவேண்டும், வாய் பின்னால் வரவேண்டும், திருப்பும்போது முதுகின்மேல்தான் புரட்டவேண்டும். தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாளே வாய்ப்பக்கமாகப் புரட்டி, புது வாரில் பிறை நிலா போல ஒரு வெட்டு.

முகத்தில் வைப்பதற்கு முன் பலூனில் பழகவேண்டும். ஊதி, நுரை பூசி, வெடிக்காமல் வழிக்கவேண்டும். முதல் இரண்டும் வெடித்து நுரை சுவரில் தெறித்தது. என் மகள் மூன்றாவதையும் ஆவலோடு ஊதித் தந்தாள்.

நுரையைப் பற்றித் தனியாகவே சொல்லவேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. பிரஷ்ஷால் எவ்வளவு சுழற்றினாலும் சோப்பு திரிந்து, வெள்ளைப் பிசுக்காகக் கிண்ணத்தில் ஒட்டுமே தவிர நுரைக்காது. பத்து நாள் சோப்பைத் திட்டிவிட்டு, மெட்ரோ தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்துச் சுடவைத்தேன். தயிர் போல நின்றது நுரை. குடிதண்ணீரில் சவரமா என்று அம்மா கேட்டது வேறு கதை.

கத்தியைத் தோலிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்த்து, முடி வளரும் திசையிலேயே இறக்கவேண்டும். அழுத்தவே கூடாது. நான் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் என் இடது கையைத் தட்டி, "இந்தக் கைதான் தம்பி சவரம் செய்கிறது" என்றார். காதுக்கு முன்னால் விரல் வைத்துத் தோலை மேலே இழுத்ததும், அதுவரை பிடுங்கிக்கொண்டிருந்த கத்தி 'சர்ர்' என்று வெங்காயச் சருகு உரிவது போன்ற சத்தத்தோடு இறங்கியது. முதல் இரண்டு வாரம் கன்னங்கள் மட்டும். மற்ற இடங்களுக்கு பழைய ரேசர்தான்.

வெட்டு? உண்டு. தாடை வளைவில், வாசலில் யாரோ கூப்பிட, கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்திவிட்டேன். படிகாரக் கட்டியை நனைத்து அழுத்தியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று முதல் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள்.

இன்னொன்று: இது கார்பன் எஃகு. காசிமேட்டுக் கடல் காற்றுக்கு இரண்டே நாளில் புள்ளி விழுகிறது. துடைத்துக் காயவைத்து, மனைவியின் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு தடவி வைக்கிறேன்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு பதில்:
அண்ணா, நான் அரை பிளேடு கத்தியில்தான் பழகினேன். தீட்டும் வேலை இல்லை, பிளேடு போனால் மாற்றிவிடலாம். ஆனால் எடை குறைவு, கூர் அதிகம். சற்றே அழுத்தினாலும் ரத்தம். கை பழக இதுவே போதும் என்பது என் கட்சி.

வியாசர்பாடியிலிருந்து:
கழுவும் தொட்டியில் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். நான் போடவில்லை. ஈரக் கையிலிருந்து நழுவி, பீங்கானில் பட்டு, நுனியில் அரிசி அளவு சில்லு பெயர்ந்தது. இப்போது அது அலமாரியில் காட்சிப்பொருள்.

ராயபுரம் மீண்டும்:
துண்டு யோசனைக்கு நன்றி, இன்றே போட்டாயிற்று. ஏழாவது வாரம் இது. கழுத்து வரை வந்துவிட்டேன். மேலுதட்டை இன்னும் தொடவில்லை. மீசை இருப்பதால் யாரும் கேட்கவும் இல்லை.