கடலோர ஈரத் தடங்களுக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தயார் செய்தல்: அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவின் மேலேயும் எழுதியவரின் புனைபெயர்)

உப்புக்காற்று

ஈரத் தடங்களில் ஓடிய வண்டிகளில் பெரிய செலவு வைப்பது டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலின் நடுவே சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி, சுருக்கமாக டிஃப்) ஆயிலில் தண்ணீர் கலப்பதுதான். ஓடி ஓடிச் சூடேறிய டிஃப், குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் பிரீதர் (உள்ளே காற்று போய்வரும் சிறு துவாரம்) வழியாகவோ ஆக்ஸில் சீல் வழியாகவோ தண்ணீர் உள்ளே போய்விடும். வண்டி அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். பேரிங் முனகத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

முன் டிஃப், பின் டிஃப், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) என நான்கின் பிரீதரையும் குழாய் போட்டு இன்ஜின் அறையின் உச்சிக்குக் கொண்டுபோங்கள். பின் ஆக்ஸில் ஏறி இறங்கும் என்பதால் அந்த இடத்தில் குழாயைத் தளர்வாக விட வேண்டும். இழுத்துக் கட்டினால் முதல் பள்ளத்திலேயே பிடுங்கிக்கொள்ளும். சைலன்ஸர் குழாய்க்கு அருகே ஓட்டாதீர்கள். மாட்டி முடித்ததும் மேல் முனையில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள், தடையில்லாமல் காற்று போக வேண்டும்.

ஆழமான தண்ணீரைக் கடந்த மறுநாள் காலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன் டிரெயின் பிளக்கை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். இரவில் அடியில் தங்கியிருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். எப்போதும் ஆயில் ஊற்றும் மேல் பிளக் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழ் பிளக்கைத் தொட வேண்டும். மேலே துருப்பிடித்து இறுகியிருந்தால், வடித்த ஆயிலுக்குப் பதில் ஊற்ற வழி இருக்காது.

---

தாழ்கியர்

பிரீதரோடு ஸ்நார்க்கலையும் (இன்ஜினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) பேசிவிடலாம். அதை மாட்டியதால் வண்டியின் ஆழ வரம்பு கூடிவிடாது. ஆல்டர்னேட்டர், கதவு ரப்பர், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கின்றன. தயாரிப்பாளர் கையேட்டில் தந்திருக்கும் அளவே அளவு.

பல வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் ஒரு சிறிய ரப்பர் வடிகால் இருக்கும். அதை அடைக்காமல் ஸ்நார்க்கல் போட்டால் தண்ணீர் கீழிருந்தே ஏறிவிடும். சோதனை எளிது: இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஸ்நார்க்கல் வாயைத் தட்டையான பலகைத் துண்டால் ஒரு நொடி மூடுங்கள். இன்ஜின் திணறி அடங்கப் பார்க்க வேண்டும். கவலையில்லாமல் ஓடினால் வேறெங்கோ காற்று நுழைகிறது. அங்கே தண்ணீரும் நுழையும்.

கடக்கும் முன் கோல் ஊன்றி நடந்து பாருங்கள். ஆளால் நிற்க முடியாத ஓட்டத்தில் வண்டியும் நிற்காது. முழங்கால் அளவே என்றாலும் வேகமாக ஓடும் தண்ணீர் என்றால் காத்திருப்பதே சரி. கரையில் பத்து நிமிடம் நிறுத்தி டிஃப்பை ஆறவிட்டு, லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் நிலை) இரண்டாம் கியரில் நடை வேகத்தில் இறங்குங்கள். அந்த வேகத்தில் வண்டிக்கு முன்னால் ஓர் அலை எழும், அதன் பின்னால் இன்ஜின் பக்கம் தண்ணீர் தாழ்ந்திருக்கும். முன்புறம் தார்ப்பாய் கட்டினால் இன்னும் நல்லது. ஆனால் நடுவில் நின்றுவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். தண்ணீர் மட்டம் ஏறி, ஃபேன் இறக்கை வளைந்து ரேடியேட்டரை அறுக்கும். மேனுவல் வண்டியில் நடுத்தண்ணீரில் கிளட்சை மிதிக்கவே கூடாது, தட்டுக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து வழுக்கும். கண்ணாடிகளை இறக்கி வையுங்கள்: மின்சாரம் போனால் அவை இறங்காது, வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் கதவும் திறக்காது.

இன்ஜின் தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். தண்ணீர் சுருங்காது. சிலிண்டரில் ஒரு கோப்பை இருந்தாலும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கரைக்கு இழுத்து, ஏர் ஃபில்டரைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஸ்பார்க் பிளக்கையோ டீசலில் குளோ பிளக்கையோ கழற்றிவிட்டுத்தான் சுழற்ற வேண்டும்.

---

பதினாறு பிஎஸ்ஐ

டயர். ரோட்டில் 32–36 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). இறுகிய ஈர மணலில் 18–20, இளகிய உலர் மணலில் 15–16. சிக்கிக்கொண்டால் 12 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் ஒரு வெடுக்கென்ற திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பின்னால் பாரம் இருந்தால் பின் டயர்களில் 2–3 கூடுதலாக வையுங்கள். காற்றை இறக்கினால் டயர் அகலமாவதைவிட, தரையில் படியும் நீளம்தான் அதிகம் கூடும், மிதப்பது அதனால்தான். இறக்கிய டயரோடு 40 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள், பக்கச் சுவர் சூடேறிப் பிளக்கும்.

கடினமான அடித்தரை மேல் வழுக்கும் களிமண் இருந்தால் 22–25 போதும். மட் டயர்தான் (சேற்றுக்கான ஆழப் பள்ள டயர்) வேண்டும் என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கடலோரத்தில் மணலும் சேறும் மாறி மாறி வரும். மட் டயரின் ஆழமான பள்ளக் கட்டைகள் மணலைத் தோண்டி வண்டியைப் புதைக்கும். ஆல் டெரெயின் டயர் பொதுவாகப் போதும்.

கம்ப்ரஸரை நேராக பேட்டரி முனையில் கவ்வி, இன்ஜின் ஓடும்போதே பயன்படுத்துங்கள். சிகரெட் லைட்டர் பாயிண்டில் பெரிய கம்ப்ரஸரைச் சொருகினால் ஃபியூஸ் போகும்.

---

வடக்கயிறு

உயிர் போவது சிக்கிய வண்டியை இழுத்து மீட்பதில்தான், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். டிரெய்லர் கொக்கிப் பந்தில் இழுப்புப் பட்டையை ஒருபோதும் மாட்டாதீர்கள். பந்து முறிந்தால் குண்டுபோல் பறந்து கண்ணாடியைத் துளைக்கும். சேஸியின் கீழே கப்பலில் கட்டுவதற்காக வைத்த வளையங்களும் இழுக்கும் இடங்கள் அல்ல. எடை மதிப்பு பொறித்த மீட்புப் புள்ளிகள் முன்னும் பின்னும் இருக்க வேண்டும். கிளம்பும் முன்பே மாட்டியாக வேண்டும்.

நீளும் பட்டையின் முறியும் வலிமை, இழுக்கும் வண்டி, சிக்கிய வண்டி இரண்டில் இலேசானதன் மொத்த எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு இருக்கலாம். அதைவிடப் பலமானதை வாங்கினால் பட்டை நீளாது, அதிர்ச்சி சேஸிக்குப் போகும். நைலான் நனைந்தால் வலிமை குறையும். மணல் ஒட்டினால் இழைகளை உள்ளிருந்தே அறுக்கும். எனவே நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். இரண்டு பட்டைகளை இரும்பு ஷேக்கிளால் (ஊசி போட்டு மூடும் U வடிவ வளையம்) இணைக்காதீர்கள். ஷேக்கிள் ஊசியை இறுக்கியபின் கால் சுற்று தளர்த்துங்கள். பட்டையின் நடுவில் கனமான துணி போட்டு, மற்றவர்களை அதன் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் நீண்ட கைப்பிடி மண்வெட்டி. வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பட்டையும் அதை இழுக்காது. தோண்டு, காற்றை இறக்கு, பலகையை டயருக்கு அடியில் நெருக்கிச் சொருகு, பிறகே இழு. ஜாக்குக்கு அடியில் வைக்க 30 × 30 செ.மீ. தடித்த ஒட்டுப்பலகை இல்லையென்றால் ஈர மணலில் ஜாக் தரைக்குள் போகும், வண்டி மேலே வராது.

---

உப்புக்காற்று

வடக்கயிறு சொன்ன கடைசி வரியைப் பலரும் கடற்கரையில் நின்றுதான் கற்றுக்கொள்கிறார்கள். ஓதத்தை (கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம்) பற்றியும் எழுதிவிடுகிறேன். அநேக கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம், எனவே தாழ் ஓதம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். தாழ் ஓதத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்குள் மணலைக் கடந்துவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் இன்னும் மேலேறும். கரை நோக்கிக் காற்றடித்தால் அட்டவணை சொல்வதைவிடவும் உயரும். ஓடை முகத்துவாரங்களில் மணல் செங்குத்தாக அறுந்திருக்கும், உச்சி வெயிலில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து அது தெரியாது. ஈரக் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போகாதீர்கள், அலை ஒவ்வொன்றும் டயரைக் கொஞ்சம் புதைக்கும்.

திரும்பிய அன்றே கழுவ வேண்டும். வேகப் பீச்சியை (பிரஷர் வாஷர்) ரேடியேட்டரிலோ சீலிலோ காட்டாதீர்கள். தோட்டத் தெளிப்பானை வண்டிக்கு அடியில் வைத்து, அரை மணி நேரம் இடம் மாற்றி மாற்றி ஓட விடுங்கள். சேஸி துளைகளுக்குள் தனியாகக் குழாயை விடுங்கள். கழுவி முடித்ததும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்துங்கள். பின்னால் டிரம் பிரேக் இருந்தால் அன்றிரவு ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், ஷூ டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.