இரவில் காலியாகும் கிணற்று மோட்டார்

தக்கலை பக்கம் எங்கள் வீடு. 3 வாரமாகத் தினமும் காலையில் கிணற்று மோட்டாரில் தண்ணீர் ஊற்றித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஊற்றிவிட்டால் டேங்க் நிறையும்வரை நன்றாக ஓடும். விடிந்தால் மறுபடி காற்று. அம்மாவுக்கு முட்டுவலி, வாளி இறைக்க விட மனதில்லை.

1 எச்.பி. மோனோபிளாக், 6 வருடப் பழசு. தண்ணீர் மட்டம் மோட்டாருக்கு 15 அடி கீழே.

குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வைப் புதிதாக மாற்றினேன். மாட்டும் முன் குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி நிறுத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. அப்புறம் குழாய் வளைவில் உள்ள எல்போ இரண்டையும் வெட்டி ஒட்டினேன், மோட்டார் வாயில் டெஃப்லான் டேப்பும் சுற்றினேன். பலன் இல்லை. ஷாஃப்ட் பக்கம் அடியில் லேசான ஈரம். மழை விடாததால் அது கசிவுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் தேய்ந்திருந்தால், ஓடும்போது ஒழுங்காக ஓடி, நின்ற பிறகு மட்டும் இப்படிக் காலியாகுமா?